பார்த்தால் அரபி, படித்தால் தமிழ்!

வெள்ளைத் தாள், கறுப்பு மை, படம் கிடையாது. எழுத்து வலமிருந்து இடமாக ஓடுகிறது. பார்த்தால் அரபி. வாய்விட்டுப் படித்தால் தமிழ்! இதுதான் அரபுத்தமிழ்.

நெசவுக்குப் பெயர் பெற்ற மேலப்பாளையம், கடலோரக் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் முஸ்லிம் வீடுகளில் ஒரு காலத்தில் இது பழகிய எழுத்து. குர்ஆன் ஓதக் கற்ற பெண்கள், தமிழ் எழுத்து தெரியாமலே தமிழ் நூல்களைப் படித்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான்!

அரபியில் 'ப' இல்லை, 'ட' இல்லை. என்ன செய்வது? இருக்கிற எழுத்தோடு புள்ளி சேர்த்தார்கள். புது எழுத்து தயார்! ஈய அச்சுக்கு இது தொல்லை. ஆகவே 19-ம் நூற்றாண்டில் கல்லச்சு கைகொடுத்தது. கையெழுத்தைக் கல்லில் பதித்து, மை தடவி, தாளில் ஒற்றி எடுத்தார்கள்.

பேத்திகள் பள்ளியில் தமிழ் எழுத்துப் படித்தவர்கள். பாட்டியின் பெட்டியிலுள்ள அந்த நூலை அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. யாராவது படித்துக் காட்டினால் புரிகிறது.