இரவு 9 மணிக்குப் பூட்டிய கதவு

காப்பீடு என்னும் கயிறு – 9

சென்ற வாரம் 1965இல் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டு மெடிக்கெய்ட் பிறந்த கதையைப் பார்த்தோம். அமெரிக்க ஏழைகளுக்கான அந்த அரசுக் காப்பீட்டில், ஏழைகளுக்கே பேச இடமிருந்ததா?

2018இல் ஆர்கன்சா மாநிலம் ஒரு விதி போட்டது. மாதம் 80 மணி நேரம் வேலை பார்த்ததாகக் கணக்குக் காட்டினால்தான் மெடிக்கெய்ட் தொடரும். கணக்கை முதலில் இணையதளத்தில் மட்டுமே காட்ட முடிந்தது. அந்தத் தளமோ இரவு 9 மணிக்குப் பூட்டிக்கொள்ளும். காலை 7 மணிக்குத்தான் திறக்கும். கோழிக்கறி ஆலையில் பகலெல்லாம் நின்றுவிட்டு வருகிறவர் எப்போது உட்கார்ந்து பதிவது? ஆண்டு முடிவதற்குள் 18,000 பேருக்கு மேல் காப்பீடு போயிற்று. 2019 மார்ச்சில் நீதிமன்றம்தான் அந்த விதியைத் தடுத்தது.

கெட்ட எண்ணத்தில் அப்படி வைத்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். விதி எழுதியவர்களுக்கு இரவு 9 மணிக்கு அந்தத் தளத்தில் வேலை இருந்ததில்லை, அவ்வளவுதான்.

மெடிக்கெய்ட்டை எப்படி நடத்துவது என்று யோசனை சொல்ல மாநிலந்தோறும் ஆலோசனைக் குழு பல பத்தாண்டுகளாகவே உண்டு. அதில் பயனாளிகளும் இருக்க வேண்டும் என்றது பழைய விதி; எத்தனை பேர் என்று சொல்லவில்லை. எண்ணிக்கை சொல்லாத இடத்தில் ஏழைக்கு எத்தனை நாற்காலி கிடைக்கும் என்பது நமக்குத் தெரியாததா?

2024 மே மாதம் மத்திய அரசு வெளியிட்ட புது விதி அந்த ஓட்டையை அடைத்தது. இன்றைய, முன்னாள் பயனாளிகளும் அவர்களின் குடும்பத்தாரும் அவர்களைப் பராமரிப்போரும் மட்டுமே கொண்ட தனி மன்றம் ஒன்று வேண்டும். ஆலோசனைக் குழு என்னும் பெரிய குழுவில் முதல் ஆண்டு 10 சதவீதம், அடுத்த ஆண்டு 20, பிறகு 25 சதவீத இடம் அவர்களுக்கு. எனக்குப் பிடித்தது வேறொன்று: பெரிய குழு கூடுவதற்கு முன்பே இவர்கள் தனியாகக் கூட வேண்டும். அந்தப் பெரிய குழுவில், தனக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரையும் காப்பீட்டு நிறுவனத்து ஆளையும் எதிரில் வைத்துக்கொண்டு யாரால் மனம்விட்டுக் குறை சொல்ல முடியும்? தங்களுக்குள் பேசித் தெம்பு ஏற்றிக்கொண்டு போனால் வாய் திறக்கும்.

குறை இல்லாமலில்லை. இவர்கள் சொல்வது ஆலோசனைதான்; மாநிலம் ஏற்றே ஆகவேண்டும் என்பதில்லை. ஆனால் என்ன பதில் சொன்னது என்பதை ஆண்டறிக்கையில் எழுதி எல்லோரும் பார்க்க வெளியிட வேண்டும். இன்னொரு வேடிக்கை: கூட்டத்துக்கு வந்ததற்குத் தரும் ஊதியம் வருமானக் கணக்கில் ஏறலாம், வருமானம் வரம்பைத் தாண்டினால் காப்பீடே போய்விடும். பேசப் போனவர் பேசும் தகுதியையே இழக்கக்கூடாதே!

மன்றங்களை அமைக்கக் கெடு 2025 ஜூலை 9. அதற்கு ஐந்து நாள் முன்பு, ஜூலை 4 அன்று, டிரம்ப் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். அதன்படி, மெடிக்கெய்ட்டைக் கூடுதல் ஏழைகளுக்கும் விரிவாக்கிய மாநிலங்களுக்கெல்லாம் ஆர்கன்சாவின் அதே 80 மணி நேரக் கணக்கு 2027 ஜனவரிக்குள் வர வேண்டும். புது மன்றத்தார் முதல் கூட்டத்திலேயே கேட்டுவிடட்டும்: ஐயா, இந்த முறை தளத்தை எத்தனை மணிக்குப் பூட்டுவீர்கள்?

(தொடரும்)