தண்ணீர் பட்டதும் கெடு தொடங்குகிறது

தீபாவளிக்கும் முகூர்த்த மாதங்களுக்கும் முன்பாக ஃபேஸ் மாஸ்க் விற்பனை சூடுபிடிக்கிறது. ஐந்து வாங்கினால் ஐந்து இலவசம், கல்யாணப் பெண் காம்போ, ஒரே வாரத்தில் பளபளப்பு என்று கைபேசியைத் திறந்தால் விளம்பரம்தான். வாங்கியதில் இரண்டு மூன்றைப் போட்டுவிட்டு மீதியை அலமாரியில் வைத்து மறந்துவிடுகிறோம். அடுத்த விசேஷத்துக்கு எடுக்கும்போது, இதை இன்னும் போடலாமா என்று அட்டையைத் திருப்பித் திருப்பி எக்ஸ்பைரி தேதி தேடுகிறோம். தேதி பார்ப்பது நல்ல பழக்கம். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இதற்குள் தண்ணீர் இருக்கிறதா? இருந்தால், அது கெடாமல் காப்பது எது?

கிருமி வளர ஈரம் வேண்டும், தீனி வேண்டும், சூடு வேண்டும். முல்தானி மட்டி, கடலை மாவு, பயத்த மாவு, பூலாங்கிழங்குத் தூள் எல்லாம் காய்ந்த நிலையில் இருக்கும்வரை பயம் குறைவு. இறுக்கமான டப்பாவில், ஈரக்கை படாமல் வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். அதே பொடியில் தயிரோ ரோஸ் வாட்டரோ கற்றாழைச் சாறோ ஊற்றிக் குழைத்த நொடியில் கணக்கு மாறிவிடுகிறது. காலையில் கரைத்த இட்லி மாவு சித்திரை வெயிலில் சாயங்காலத்துக்குள் என்ன ஆகிறதோ, குழைத்த ஃபேஸ் பேக்குக்குள்ளும் அதுதான் நடக்கிறது. என்ன, மாவு பொங்குவது கண்ணுக்குத் தெரிகிறது, பேக் பொங்குவதில்லை. நாற்றமோ நிற மாற்றமோ தெரிவதற்கு வெகு முன்பே அதில் கிருமிகள் பெருகியிருக்கும்.

கம்பெனித் தயாரிப்புகளில் ஃபீனாக்ஸி எத்தனால், சோடியம் பென்சோயேட், பொட்டாசியம் சார்பேட், பாரபென் என்று பிரிசர்வேட்டிவ் சேர்ப்பது இதற்காகத்தான். எவ்வளவு சேர்க்கலாம் என்பதற்கு உச்சவரம்பு உண்டு. ஐரோப்பிய விதிப்படி ஃபீனாக்ஸி எத்தனால் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்தப் பெயர்களைப் படித்ததும் முகம் சுளிக்க நம்மைப் பழக்கிவிட்டார்கள். எனக்கோ, தண்ணீர் கலந்த டப்பாவில் இவற்றில் ஒன்றுகூட இல்லை என்றால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

உறவுக்காரப் பெண் ஒருத்தி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பார்த்து வரவழைத்த டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கையில் அடங்கும் வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. மேலே ரோஜாப் படம், ஒரு கைபேசி எண், 'நூறு சதவீதம் இயற்கை, கெமிக்கல் இல்லை' என்ற வரி. கற்றாழை, பப்பாளி, ரோஜா இதழ், தேன் என்று நான்கு சேர்மானங்கள். தயாரித்த தேதி இல்லை, பேட்ச் எண் இல்லை, உரிம எண் இல்லை. 'ஆறு மாதம் வரை பயன்படுத்தலாம்' என்று மட்டும் இருந்தது. மூடியைத் திறந்தால் உட்பக்கம் முழுக்க நீர்முத்து. ரோஜா எசன்ஸ் வாசனைக்கு அடியில் லேசான புளிப்பு. கூரியர் கிடங்கிலும் டெலிவரி வண்டியிலும் மே மாத வெயிலில் சில நாள் கிடந்துவிட்டு வந்த பொருள் அது. வந்த பிறகு ஃப்ரிட்ஜில் வைத்துப் பயனில்லை. குளிர், கிருமியின் வேகத்தைக் குறைக்கும். அதுவரை பெருகியதை அழிக்காது.

'அந்தக் காலத்தில் பாட்டிமார் இதையெல்லாம்தானே பூசினார்கள், என்ன கெட்டுப்போனது?' என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் அம்மியில் அரைத்ததை அந்தக் குளியலோடு தீர்த்தார்கள். நலங்கு மாவைப் பொடியாகத்தான் வைத்திருந்தார்கள். உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, தண்ணீர் விட்டுக் குழைத்து, பூசி, மிச்சமில்லாமல் கழுவினார்கள். குழைத்த மாவை டப்பாவில் அடைத்து ஆறு மாதம் வைத்திருந்த பாட்டி யாருமில்லை.

வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களின் வருமானத்தில் கை வைக்கச் சொல்லவில்லை. அவர்கள் பொடியாக விற்கட்டும், தேவையானபோது குழைத்துக்கொள்ளச் சொல்லட்டும். ஈரமாகத்தான் விற்பேன் என்றால் பிரிசர்வேட்டிவ் சேர்க்க வேண்டும், ஆய்வகத்தில் கிருமிச் சோதனை செய்ய வேண்டும், உரிமம் வாங்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் அழகு சாதனப் பொருள் விதிகள், விற்பனைக்காகத் தயாரிக்கும் எவருக்கும் உரிமத்தைக் கட்டாயமாக்குகின்றன. அடுப்படியில் தயாரித்தாலும் விற்பனை விற்பனைதான். லேபிளில் தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், உரிம எண்ணும், எந்த மாதம் எந்த ஆண்டுக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். வெறும் கைபேசி எண் முகவரி ஆகாது.

ஆரோக்கியமான தோல் பெரும்பாலான கிருமிகளைத் தானே விரட்டிவிடும். சிக்கல், நாம் மாஸ்க் போடும் நேரத்தில் இருக்கிறது. த்ரெடிங் முடித்த அன்று, பிளீச் போட்ட அன்று, பருவைக் கிள்ளிய மறுநாள் என்று தோலில் கண்ணுக்குத் தெரியாத திறப்புகள் இருக்கும்போதுதான் பேக்கையும் அப்புகிறோம். மயிர்க்கால்களில் சீழ்க்கொப்புளம் கிளம்புகிறது. ஈரமான அழகு சாதனங்களில் வளரக்கூடிய சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற பாக்டீரியா, கீறல் விழுந்த கண்ணுக்குள் போனால் கருவிழியைப் புண்ணாக்கிப் பார்வையையே கெடுத்துவிடும். கண்ணைச் சுற்றி விரலளவு இடம் விட்டுப் பூசச் சொல்வது வீண் எச்சரிக்கை இல்லை.

நம்மூர்த் தோலுக்கு இன்னொரு கஷ்டமும் சேர்கிறது. மாநிறத்திலும் கறுத்த நிறத்திலும், கொப்புளமோ ஒவ்வாமையோ ஆறிய இடத்தில் கருமை தங்கிவிடும். தடிப்பு ஒரு வாரத்தில் அடங்கும். அதன் தழும்புக் கருமை மறைய மாதங்கள் ஆகும். வெயில் பட்டால் இன்னும் நீளும். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பு புது பேக் போட்டுப் பார்க்கும் பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய இடி என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைச் சரக்குக்கு வருவோம். பிரிக்காத ஷீட் மாஸ்க் பொதுவாக இரண்டு மூன்று வருடம் தாங்கும்படிதான் தயாராகிறது. பிரித்தால் ஒரே தடவை. உறைக்குள் மிச்சமிருக்கும் திரவத்தைக் குட்டி பாட்டிலில் வழித்து, வாரம் முழுக்க சீரம் போலத் தடவுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஒருமுறைப் பயன்பாட்டுக்காகச் செய்த பொருள், விரல் பட்ட பிறகு நாள்கணக்கில் தாங்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அன்றே கழுத்திலும் கையிலும் தடவித் தீர்த்துவிடுங்கள்.

டப்பா, ட்யூப் வகைகள் பலவற்றில் திறந்த டப்பா போன்ற ஒரு சின்னமும், அதற்குள் 6 அல்லது 12 என்ற எண்ணும் 'எம்' என்ற எழுத்தும் இருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம் என்று கணக்கு. திறந்த நாள் யாருக்கு நினைவிருக்கிறது? மூடியின் மேல் மார்க்கர் பேனாவால் எழுதிவிடுவதுதான் ஒரே வழி. வாயகன்ற டப்பாவைவிட ட்யூப் மேல். விரல் உள்ளே போவதில்லை, காற்றும் குறைவாகவே போகும். டப்பாவாக இருந்தால் காய்ந்த கரண்டியால் எடுக்க வேண்டும். குளியலறை அலமாரியில் வைக்கக் கூடாது. ஸ்கூட்டர் டிக்கியில் ஒரு மதியம் கிடந்தாலும் அட்டையில் போட்ட தேதியை நம்ப முடியாது. வைட்டமின் சி கலந்தது மஞ்சளிலிருந்து பழுப்புக்கு மாறினால் அதன் வேலை முடிந்தது. தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றால், புளிப்போ எண்ணெய்க் காறலோ அடித்தால், ஒரு புள்ளி பூஞ்சை தெரிந்தால் டப்பா முழுவதும் குப்பைக்குத்தான். மேலாக வழித்துப் போட்டுவிட்டு அடியில் இருப்பதைப் பூசுவது ஆபத்து.

கொரியா, ஜப்பான் மாஸ்க்குகளில் தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருக்கும். சிலவற்றில் அச்சடித்திருப்பது தயாரித்த நாளாகவும் இருக்கலாம். மூன்று வருடத்துக்கு மேல் தாங்கும் பொருளுக்கு ஜப்பானில் காலாவதித் தேதி போடுவது கட்டாயம் இல்லை. இந்தியாவுக்குள் முறையாக வந்த சரக்கு என்றால் இறக்குமதியாளர் முகவரியும் பதிவு எண்ணும் ஒட்டியிருக்கும். தேதிக்கு மேல் வேறொரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

பார்லரில் ஃபேஷியல் செய்துகொள்பவர்கள் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். முகூர்த்த நாளுக்கு முந்தைய மாலை, சிறிய ஊர் பார்லர் ஒன்றில் காத்திருந்தபோது, ஒரே பெரிய டப்பாவுக்குள் ஒரே பிரஷ் திரும்பத் திரும்ப இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் முகத்தில் பட்ட பிரஷ், அடுத்தவருக்கு அதே டப்பாவுக்குள். முகம் துடைத்த ஸ்பாஞ்ச் ஒரே கிண்ணத் தண்ணீரில் அலசப்பட்டது. 'எனக்குத் தனியாகக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளுங்கள், புது பிரஷ் போடுங்கள்' என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. சாஷேயில் வரும் கிட்டாக இருந்தால் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லலாம்.

பூசிய பிறகு எவ்வளவு நேரம் என்பதிலும் அதிகம் என்றால் நல்லது என்று நினைக்கிறோம். ஷீட் மாஸ்க்குக்குப் பதினைந்து, இருபது நிமிடம் போதும். காய்ந்த துணி தோலின் ஈரத்தை இழுக்கத் தொடங்கும். போட்டுக்கொண்டே தூங்கக் கூடாது. முல்தானி மட்டி போன்ற களிமண் வகையை, காய்ந்து வெடித்து, சிரித்தால் முகம் இழுக்கும் நிலைவரை விடக் கூடாது. ஓரம் காயத் தொடங்கும்போதே நனைத்துக் கழுவிவிட வேண்டும். எண்ணெய் வழியும் முகத்துக்கு வாரம் ஒன்றிரண்டு முறை. வறண்ட முகத்துக்கு அதுவும் அதிகம்.

எலுமிச்சைச் சாற்றை விட்டுவிடுங்கள். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு தோலுக்கு ஐந்துக்கு அருகில் இருக்கிறது; எண் குறையக் குறைய அமிலம் கூடும். எலுமிச்சையோ இரண்டை ஒட்டியது, எரிச்சல் தரும் அளவுக்குப் புளிப்பு. பூசிவிட்டு வெயிலில் போனால் கொப்புளமும் கருமையும் வரலாம். வெயிலோடு சேர்ந்தால் வரும் இதே தொல்லைக்காக, குளியல் பொடியில் சேரும் கார்போகரிசியிலும் கவனம் தேவை. அதிலுள்ள சோரலென் என்ற பொருள் தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். வெண்புள்ளி வைத்தியத்தில் அது பயன்படுவதும் இந்தக் குணத்தால்தான். நாட்டு மருந்துக் கடையில் பொடி அரைக்கக் கொடுக்கும்போது, முகத்துக்கு என்றால் அதைச் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

புது மாஸ்க் எதுவானாலும் முதலில் முழங்கையின் உட்பக்கம் கொஞ்சம் தடவி, சொல்லிய நேரம் வைத்துக் கழுவி, இரண்டு மூன்று நாள் பொறுக்க வேண்டும். ஒவ்வாமை உடனே தெரியாமல் போகலாம்; 48 மணி நேரம் கழித்தும் கிளம்பும். விசேஷத்துக்காக வாங்குவதென்றால் குறைந்தது ஒரு மாதம் முன்பே சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

முகம் எரிந்தால், வீங்கினால் உடனே வெறும் தண்ணீரில் நிறையக் கழுவுங்கள். அதற்கு மேல் மஞ்சளோ வேறு பேக்கோ போடாதீர்கள். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பும் வேண்டாம். கிருமித் தொற்றாக இருந்தால் அது நோயை மறைத்து வளர்த்துவிடும். கண் சிவந்து வலித்தால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். தோல் மருத்துவரிடம் போகும்போது அந்த டப்பாவை மூடியோடும் லேபிளோடும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். கோபத்தில் அதைக் குப்பையில் வீசிவிட்டால், முகத்தில் என்ன பட்டது என்று மருத்துவருக்கும் தெரியாது, புகார் கொடுக்க உங்கள் கையிலும் எதுவும் இருக்காது.