மாவோ: உரோமத்தைக் குறிக்கும் சீன எழுத்து

விலங்கின் உடலை மூடியிருக்கும் உரோமத்தைக் குறிக்கச் சீன மொழியில் வழங்கும் எழுத்து 'மாவோ' ஆகும். இது தனித்து நிற்கையில் முழுச்சொல்லாகவும், வேறோர் எழுத்துக்குள் அமைகையில் அதன் பொருளைச் சுட்டும் உறுப்பாகவும் இயங்குகிறது. பழைய வெண்கலக் கலங்களில் ஒரு தண்டிலிருந்து இருபுறமும் இழைகள் பிரிவதுபோல் பொறிக்கப்பட்ட உருவம், காலப்போக்கில் நான்கு கோடுகளாகச் சுருங்கியது: மேலே இடப்புறமாகச் சாயும் ஒரு சிறுகோடு, அதன்கீழ் இரு கிடைக்கோடுகள், அவற்றை ஊடுருவி இறங்கி வலப்புறம் வளைந்து முடியும் ஒரு நீள்கோடு. இக்கடைசிக் கோடு இடப்புறம் திரும்பினால் கையைக் குறிக்கும் எழுத்தின் தோற்றம் வந்துவிடும் என்பதால், பயில்வோர் எளிதில் தடுமாறக்கூடிய இடம் இது. 1716இல் வெளிவந்த காங்சி அகராதி வகுத்த 214 அடிப்படை உறுப்புகளில் மாவோ 82ஆவது.

தமிழில் மயிர், இறகு, கம்பளி எனப் பிரிந்து நிற்பவை சீனத்தில் இந்த ஓரெழுத்தின்கீழ் வருகின்றன. ஆட்டுக்குரிய எழுத்தை முன்னே சேர்த்தால் கம்பளியும், சிறகுக்குரியதைச் சேர்த்தால் இறகும் கிடைக்கும். புருவ மயிரும் இமை மயிரும்கூட மாவோதான். தலைமுடிக்கு அன்றாட வழக்கில் வேறு சொல் உண்டு என்றாலும், இதனை விலங்கு மயிர் என்று மட்டும் பெயர்ப்பது போதாது. உரோமத்தின் நுண்மையிலிருந்து 'சிறியது' என்னும் பொருள் கிளைத்தது: தூறல் மழைக்கான சொல்லில் இவ்வெழுத்து இரட்டித்து வருகிறது, சீன நாணயமான யுவானில் பத்திலொரு பங்கான ஜியாவோவையும் மக்கள் பேச்சில் மாவோ என்றே சொல்கின்றனர். 'பண்படுத்தாதது' என்னும் மற்றொரு பொருளோ கணக்கேடு வரை சென்று, பொதியோடு சேர்த்து நிறுத்த எடையையும் செலவு கழிக்காத இலாபத்தையும் குறிக்கிறது.

இவ்வெழுத்தின் பயன்பாட்டில் மிகச் சுவையானது 'மாவோபி', அதாவது எழுதும் தூரிகை. செஜியாங் மாநிலத்து ஹூசோ நகரம் இதற்குப் பெயர்பெற்றது. தூரிகைக்குப் பயன்படும் வெள்ளாட்டு மயிர் மென்மையாக இருந்து மையை மிகுதியாக உறிஞ்சும். மரநாயை ஒத்த வீசல் என்னும் சிற்றுயிரின் வால்மயிர் அழுத்தத்துக்கு வளைந்து உடனே நிமிரும். வணிக வழக்கில் இரண்டாவது வகைக்கு 'ஓநாய்மயிர்' என்று பெயர். ஓநாய்க்கும் அதற்கும் தொடர்பில்லை. எழுதுகோலைக் குறிக்கும் 'பி' என்னும் எழுத்தின் மரபு வடிவத்தில், மூங்கிலுக்கான உறுப்பின்கீழ் கை ஒன்று தூரிகையைப் பற்றியிருக்கும் உருவம் உண்டு. சீன அரசு 1956 முதல் நடைமுறைப்படுத்திய எளிய வடிவங்களில் அவ்விடத்தை மாவோ பிடித்துக்கொண்டது. மூங்கிலோ மயிரோ இல்லாத பென்சிலும் பந்துமுனைப் பேனாவும் இன்று இதே 'பி' எழுத்தால்தான் எழுதப்படுகின்றன.