ஈனும் பருவத்தில் விழித்தெழும் வயிற்றுப் புழுக்கள்

தாமிரவருணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர் வட்டாரத்தில் ஒருபுறம் நன்செய்யும் மறுபுறம் வறண்ட மேய்ச்சற் காடும் உள்ளன. தூத்துக்குடி மாவட்டத்திற்கு வேம்பூர், கீழக்கரிசல் என்னும் செம்மறியாட்டு இனங்கள் பெயர் தருவன. கோடையில் நோயின்றித் தோன்றிய பெட்டையாடு, குட்டி ஈன்ற சில வாரங்களில் இளைத்து, கண்ணிமை வெளுத்து, தாடையின்கீழ் வீங்குவதுண்டு. இதற்குப் பெரும்பாலும் ஹீமாங்கஸ் என்னும் இரத்தமுறிஞ்சும் புழுவே காரணமாகும்.

இப்புழு ஆட்டின் நான்காம் இரைப்பையில் வாழ்வது. ஒரு பெண்புழு நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 வரை முட்டையிடும். மேய்ச்சலுடன் உட்சென்ற இளம்புழுக்கள் காலம் ஏற்றதாயிராவிடில் இரைப்பைச் சுவரிற் புகுந்து, வளர்ச்சி நின்று, மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். அப்பொழுது புழுக்கையைச் சோதித்தாலும் முட்டை அதிகம் புலப்படாது.

ஈனுங்காலத்தை அடுத்து ஆட்டின் புழுக்கையில் முட்டைகள் திடீரெனப் பெருகுகின்றன. வசந்தகாலத்தில் இவ்வாறு பெருகுவதை இங்கிலாந்தில் டெய்லர் என்பார் 1935இல் எடுத்துரைத்தார். இது பருவத்தைவிட ஈனுதலையும் பால்சுரத்தலையும் ஒட்டியதென்பது பின்னர்த் தெளிவாயிற்று. அக்காலத்தில் பாலைச் சுரப்பிக்கும் புரோலாக்டின் என்னும் ஹார்மோன் இரத்தத்தில் மிகுகிறது. புழுவை அடக்கிவைத்த உடலின் எதிர்ப்பாற்றலோ குன்றுகிறது. உறங்கிய புழுக்கள் முதிர்கின்றன. புதியனவும் எளிதில் நிலைபெறுகின்றன. ஹார்மோன் ஒன்றே காரணமன்று. கருவிற்கும் பாலிற்கும் புரதம் செலவாவதால், தீனி குறைந்த ஆடும் இரட்டைக்குட்டி ஈன்ற ஆடும் மிகுதியாகத் துன்புறும். குட்டியைப் பால்மறக்கச் செய்தபின் எதிர்ப்பாற்றல் மீள்கிறது.

தாய்க்கு நேரும் நலிவினும் குட்டிக்கு வரும் கேடு பெரிது. ஈரமும் வெப்பமும் கூடிய தரையில் முட்டைகள் ஒரு வாரத்திற்குள்ளாகவே தொற்றும் இளம்புழுக்களாகின்றன. வடகிழக்குப் பருவமழையில் தளிர்க்கும் புல்லை முதன்முதல் கடிக்கும் குட்டிக்கு எதிர்ப்பாற்றல் ஏதுமில்லை.

ஆகவே ஆடு வளர்ப்போர் கவனிக்கவேண்டியவை:

1. சினையின் கடைசி ஆறு வாரங்களிலும் பால்கொடுக்கும் காலத்திலும் பிண்ணாக்கு, பயற்றங்கொடி, அகத்தித்தழை முதலிய புரதத் தீனி அளித்தல்.

2. ஈனுவதற்குச் சிறிது முன்னும் பின்னும் புழுக்கையைக் கால்நடை மருந்தகத்திற் சோதிப்பித்து, மருத்துவர் கூறும் மருந்தையே உரிய அளவிற் கொடுத்தல். சில புழுமருந்துகள் இளஞ்சினைக்கு ஆகா. குறைந்த அளவிற் கொடுப்பின் புழுக்கள் மருந்திற்குப் பழகிவிடும்.

3. ஈன்ற ஆடுகளைக் கிடைபோட்ட ஈரநிலத்தில் குட்டிகளை உடனே மேயவிடாமல், உலர்ந்த மேட்டுநிலத்தில் மேய்த்தல்.

புழு வெளியே தோன்றும்வரை காத்திருப்பவன் குட்டியை இழப்பான். ஈனும் நாளைக் கணக்கிட்டு முற்படுபவன் தாயையும் குட்டியையும் காப்பான்.