கம்ப்யூட்டர் எப்படி வாக்கியம் அமைக்கிறது?

பௌர்ணமி அன்று எங்கள் திருவண்ணாமலையில் கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம். 14 கிலோமீட்டர் கிரிவலம் முடித்தவர்களுக்கு ஊர் திரும்ப ரயில், பஸ் விவரம் தேவை. இப்போதெல்லாம் ரயில் அறிவிப்பு, பேங்க் எஸ்எம்எஸ் போன்ற பல தகவல்களைக் கம்ப்யூட்டரே வாக்கியமாக்கித் தருகிறது. எந்தச் சொல் முதலில், எது கடைசியில் என்று அது எப்படி முடிவு செய்கிறது? சாப்ட்வேர் எஞ்சினியரான எனக்கு வேலையில் அடிக்கடி வரும் கேள்வி இது. பார்ப்போமா?

கோடிட்ட இடத்தை நிரப்புக

மிக எளிய வழி டெம்ப்ளேட். வாக்கியம் முன்பே தயாராக இருக்கும். டேட்டாபேஸில் இருந்து ஊர்ப் பெயரையும் நேரத்தையும் எடுத்து நிரப்பினால் போதும். ஆங்கிலத்தில் 'ஃப்ரம்' என்று எழுதி எந்த ஊரையும் பக்கத்தில் போடலாம். தமிழில் அப்படி முடியாது. காட்பாடி என்பது 'காட்பாடியிலிருந்து' ஆகும். விழுப்புரமோ 'விழுப்புரத்திலிருந்து' என்று மாறும். 'விழுப்புரம்இலிருந்து' என்று திரையில் வந்தால் சிரிப்பார்கள்!

எனவே புரோகிராமர்கள், 'புறப்படும் ஊர்: விழுப்புரம்' என்று எழுதித் தப்பித்துக் கொள்கிறார்கள். அதாவது, வேற்றுமை உருபைச் சேர்க்கத் தெரியாததால் வாக்கியமே காணாமல் போய்விடுகிறது.

இலக்கணம் கற்ற கம்ப்யூட்டர்

அடுத்த வழி, இலக்கண விதிகளைப் புரோகிராமாக எழுதுவது. 1990களில் கனடா வானிலைத் துறை பயன்படுத்திய 'ஃபாக்' என்ற சாப்ட்வேர், ஒரே வானிலைத் தகவலில் இருந்து ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் அறிக்கை தயாரித்தது. என்ன சொல்வது, எதை எதோடு சேர்ப்பது, எந்த வாக்கிய அமைப்பு, சொல்லின் விகுதி என்ன என்று இத்தகைய வேலை படிப்படியாக நடக்கும். இந்தியாவில் தமிழ் - இந்தி மொழிபெயர்ப்புக்கான 'சம்பர்க்' திட்டத்தில் சென்னை குரோம்பேட்டையில் உள்ள ஏ.யு-கே.பி.சி. ஆராய்ச்சி மையம் பங்கேற்றது. அதிலும் வேர்ச்சொல்லோடு உருபும் விகுதியும் சேர்த்து முழுச்சொல் உருவாக்குவது ஒரு தனிக் கட்டம்.

அமைப்பைத் தேர்ந்தெடுப்பது ஏன் முக்கியம்? 'உங்கள் கணக்கில் 12-ம் தேதி ரூ.2,000 பற்று வைக்கப்பட்டது' என்று ஒரு எஸ்எம்எஸ் வருவதாக வைத்துக் கொள்ளுங்கள். தமிழில் வினை கடைசியில்தான் வரும். சின்னத் திரையில் பாதி மட்டும் தெரிந்தால், பணம் வந்ததா, போனதா என்றே புரியாது. 'பற்று வைக்கப்பட்ட தொகை ரூ.2,000' என்று பெயரெச்சமாக மாற்றினால் முக்கியச் செய்தி முதலிலேயே வந்துவிடும். 'பணம் தொடர்பான செய்தியா? வரவு, பற்று முதலில் வரட்டும்' என்று ஒரு விதி எழுதினால் போதும்.

விதி இல்லாத வழி

1998-ல் அமெரிக்காவில் உருவான 'நைட்ரஜன்' வேறு வழியில் சென்றது. ஒரே கருத்துக்குப் பல வாக்கியங்களை உருவாக்கி, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் அதிகம் வருகிறது என்ற கணக்கை வைத்துச் சிறந்ததைத் தேர்ந்தெடுத்தது.

2022-ல் வெளிவந்த சாட்ஜிபிடி போன்றவை, ஏராளமான எழுத்துக்களைப் படித்துப் பழகி, அடுத்து வரக்கூடிய சொல்துண்டை ஒவ்வொன்றாகக் கணித்து எழுதுகின்றன. 'இந்த அமைப்பை எடு' என்று யாரும் விதி எழுதித் தருவதில்லை. வாக்கியம் சரளமாக வரும். ஆனால் தகவல் சரியா என்பது வேறு விஷயம்! மேலும், 'ஹி கேம்' என்பதை 'வந்தான்' என்பதா, 'வந்தார்' என்பதா? அந்த மரியாதை ஆங்கில வினையில் இல்லை. சூழலை வைத்து ஊகிக்க வேண்டியதுதான். பெரியவர் ஒருவர் 'வந்தான்' ஆகிவிட்டால் யார் பொறுப்பு?

நீங்களும் செய்து பாருங்கள்

வேர்டில் உள்ள மெயில் மெர்ஜ் வசதியில் ஓர் அழைப்பிதழ் தயாரியுங்கள். பெயருக்குப் பின் நேராக 'க்கு' போட்டால் 'செல்வம்க்கு' என்றுதான் வரும். 'செல்வம் அவர்களுக்கு' என்று அமைத்தால் எந்தப் பெயரும் பொருந்தும், மரியாதையும் சேரும். அதேபோல, 'விழுப்புரம் நிலையத்திலிருந்து' என்றால் எந்த ஊரும் பொருந்தும். மாறாத சொல் ஒன்று உருபைச் சுமந்து கொள்கிறது, அவ்வளவுதான்!

இந்தத் தந்திரம் நம் கல்யாணப் பத்திரிகைகளில் ஏற்கெனவே இருக்கிறது. கம்ப்யூட்டருக்காகத் தமிழை உடைக்க வேண்டியதில்லை. உடையாத அமைப்பைத் தேடினால் தமிழிலேயே கிடைக்கும்.