குப்பை கூடையில் விழும் முன்பே

வீட்டுக் குப்பையை வெளியே கொடுப்பதற்கு முன்பே மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயகரமான குப்பை என்று தனித்தனியாக வைப்பதே தரம் பிரித்தல். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதைக் குப்பை போடுபவரின் கடமையாக்கின. நாளொன்றுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் ஓட்டல், விடுதி, கல்லூரி போன்றவற்றை அவை தனி வகையாகவே வைத்தன.

அடுக்களையிலேயே பிரிப்பதற்குக் காரணம் எளிது. காய்ந்த செய்தித்தாளைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடலாம். சாம்பார் ஊறிய தாளைக் கடைக்காரர் தொடமாட்டார். உடைந்த டியூப்லைட்டின் பாதரசமோ, கண்ணாடிச் சில்லோ காய்கறித் தோலில் கலந்துவிட்டால் அதிலிருந்து வரும் எரு வயலுக்கு ஆகாது. கலந்ததை மறுபடி பிரிக்க இயந்திரங்கள் உண்டு. ஆனால் ஈரமும் எண்ணெயும் ஏறிய பொருளை அவற்றால் பழையபடி ஆக்க முடியாது. பிரிக்காமல் கிடங்கில் குவிப்பதன் விளைவு இன்னும் மோசம். காற்றுப் புகாத அடியில் ஈரக் குப்பை அழுகி மீத்தேன் வாயு உண்டாகிறது. மேலே எரியத் தயாராகப் பிளாஸ்டிக். சென்னைப் பெருங்குடிக் கிடங்கில் 2022 ஏப்ரலில் பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்தது.

சந்தேகம் வருவது சில பொருள்களில்தான். தேங்காய் ஓடு மக்கும், ஆனால் மெதுவாக. உடைத்துப் போடுவது நல்லது. டீக்கடை பேப்பர் கப்பின் உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் அது பெயருக்குத்தான் பேப்பர். நாப்கின், டயப்பர் ஆகியவற்றைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும். ஏனென்றால் குப்பையைத் தொட்டுப் பிரிப்பது இன்னொருவரின் கை.

கல்யாண மண்டபத்தில் சிக்கல் வேறு. பந்தி முடிந்ததும் இலை, தண்ணீர் பாட்டில், ஐஸ்கிரீம் கப் எல்லாவற்றையும் மேசை விரிப்போடு சேர்த்து ஒரே சுருட்டாகச் சுருட்டி டிரம்மில் போட்டுவிடுகிறார்கள். பாட்டிலையும் கப்பையும் முதலில் எடுத்துவிட்டு, பிறகு இலையை எடுத்தால் போதும். கூடுதலாக ஒரு டிரம், ஓர் ஆள், அவ்வளவே செலவு.

குப்பையை வாங்க வரும் வண்டியிலும் தனித்தனித் தடுப்பு வேண்டும். பிரித்துக் கொடுத்ததைக் கண்ணெதிரே ஒன்றாகக் கொட்டினால் மறுநாள் எந்த வீடும் பிரிக்காது. அதில் வீட்டுக்காரரைக் குறை சொல்ல முடியாது.

உரக்கூடத்தில் ஈரக் குப்பை சருகோடு கலந்து, சூடேறி, வாரக்கணக்கில் மக்குகிறது. கடைசியில் சலிக்கும்போது எரு கீழே விழ, சல்லடையில் ஷாம்பு பாக்கெட்டின் கிழிசலும், பால் கவரிலிருந்து வெட்டி எறிந்த முக்கோணத் துண்டும் தங்கும். மூலையை முழுதாக வெட்டாமல் கவரோடு தொங்கவிட்டால் அந்தத் துண்டு அங்கே வந்து சேராது.