செய்தித்தாள் போட்ட அட்டை

விருத்தாசலம் ஜங்ஷனில் சேலம் பாசஞ்சருக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் இருப்பவர் என்ன படிக்கிறார் என்று எட்டிப் பார்ப்பது எனக்குப் பழைய பழக்கம். வீட்டில் திட்டு வாங்கியும் விட்டபாடில்லை.

நடைமேடையில் பாதிப்பேர் கையில் செல்போன். ஒரு பெரியவர் தினத்தாளை நான்காக மடித்து வாய்விட்டுப் படித்தார். பீங்கான் பொம்மை மூட்டையோடு உட்கார்ந்திருந்த அம்மாவுக்கும் சேர்த்துத்தான் அந்த வாசிப்பு. இரண்டு பெண்கள் குரூப் 4 வினா விடைப் புத்தகத்தை வைத்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். நம் பக்கத்தில் பொது இடத்தில் அதிகம் கண்ணில் படுவது இந்தப் புத்தகம்தான். இதை மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. முதல் பட்டதாரி இருக்கும் வீடு எதை நம்பி இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

கடைசி பெஞ்சில் ஒரு கல்லூரி மாணவர். கையில் தடித்த புத்தகம், அட்டை தெரியாமல் செய்தித்தாள் சுற்றியிருந்தது.

“என்ன புத்தகம் தம்பி?”

தயங்கி, முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அம்பேத்கர். 1927இல் மகாத் குளத்தில் தண்ணீர் குடிக்கப் போன பகுதியில் இருந்தார்.

“அட்டையை ஏன் மறைச்சிட்டீங்க?”

“பஸ்ஸுல கையில வெச்சிருந்தா, எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேக்குறாங்க அண்ணே. சொன்னதும் பேச்சு மாறிடுது.”

எங்கள் ஊர் டீக்கடை நினைவுக்கு வந்தது. பேப்பர் உள்ளே பெஞ்சில் கிடக்கும். நாங்கள் வெளியே குத்தவைத்து, தனி டம்ளரில் குடிப்போம். உள்ளே யாராவது உரக்கப் படித்தால் எங்களுக்கும் செய்தி. அப்பாவுக்கு எழுத்து தெரியும். ஆனால் அந்தப் பேப்பரை அவர் தொட்டதில்லை. வடை கட்டி வந்த தாளைத்தான் பிரித்து, எண்ணெய் ஊறிய எழுத்தை விளக்கில் காட்டிப் படிப்பார். எப்போதும் பழைய செய்தி, அதுவும் பாதிச் செய்தி.

கடைக்குள் விடாமல் தடுப்பதும் பொதுப் பாத்திரத்தை மறுப்பதும் குற்றம் என்று 1955ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லிவிட்டது. ஆனாலும் தீண்டாமை போகவில்லை என்று 1969இல் அறிக்கை கொடுத்த குழுவுக்குத் தலைவர், நம் காட்டுமன்னார்கோயில் பக்கத்து எல். இளையபெருமாள்.

பேப்பரைத் தொடவிடாத காலத்தில் நம்மவர்கள் பேப்பரே நடத்தியிருக்கிறார்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்றே பெயர் வைத்து இதழ் கொண்டுவந்தார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதரின் ‘ஒரு பைசாத் தமிழன்’ வந்தது. கோலார் தங்கவயல் வரை அதற்கு வாசகர்கள். எதைச் சொல்லி இழிவுபடுத்தினார்களோ அதையே கொட்டை எழுத்தில் அச்சடித்து நீட்டியவர்கள் அவர்கள். இப்போது 130 ஆண்டுகள் கழித்து ஒரு மாணவர் அட்டையை மறைக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பஸ்ஸில் தினமும் தனியாகப் போய்வருகிறவர் அவர்.

“இமையம் படிச்சிருக்கீங்களா? நம்ம மாவட்டத்துக்காரர்.”

“சாகித்ய அகாடமி வாங்கினாரே, அவரா? பேரு தெரியும். படிச்சதில்ல.”

பையில் ‘கோவேறு கழுதைகள்’ இருந்தது. 1994இல் வந்த நாவல், புதிரை வண்ணார் குடும்பம் ஒன்றின் கதை. கொடுத்தேன். வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ரயில் வரும் அறிவிப்பு கேட்டது.

“இதுக்கும் அட்டை போடணுமா அண்ணே?” என்று சிரித்தார்.

நான் பதில் சொல்வதற்குள் வண்டி வந்துவிட்டது. ஜன்னலோரம் இடம் பிடித்து அவர் பிரித்தது என் புத்தகத்தைத்தான். அட்டை போடாமலே.